பத்தொன்பதாவது நிமிஷத்தில் நின்ற கல்யாணம்

கார்டன் ரீச்,
கொல்கத்தா.
21-3-2004

பிரேம்குமாருக்கு அம்மா எழுதறது.

நீயும் பூர்ணிமாவும் அங்க நல்லா இருப்பீங்க, இருக்கணும். இங்க நானும் உங்கப்பாவும் சுகம்னு எழுதித்தான் இத்தனை வருஷமா யாருக்கும் லெட்டர் ஆரம்பிச்சிருக்கேன், இன்னைக்கு அந்த வரி எழுத எனக்கு இஷ்டமில்லை. உடம்புக்கு ஒண்ணுமில்லை, உங்கப்பாவுக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறி இறங்குது, குவார்ட்டர்ஸ்ல தண்ணி காலைல ஒரு மணி நேரம்தான் வருது, எலெக்ஷன் வருதுன்னு ஆட்டோவில மைக் கட்டிக்கிட்டு இப்பவே காதைக் கிழிக்கிறாங்க, இதெல்லாம் எப்பவும் உள்ளதுதான். ஆனா நான் வயித்தெரிச்சலோட உக்காந்து எழுதறேன், அதை முதல்லயே சொல்லிடறேன். உன் மெயிலுக்கு மெயில்லயே பதில் போட்டிருக்கலாம். நீ மெயில் படிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். மேல ரெண்டு வரி பாத்துட்டு ஆபீஸ் வேலைக்கு நடுவுல ஓகேம்மான்னு அனுப்பிட்டுப் போயிடுவே. லெட்டர்னா கவரைக் கிழிக்கணும், மடிப்பைப் பிரிக்கணும், என் கையெழுத்தை உத்துப் பாத்துப் படிக்கணும். படி.

நீ போன வாரம் அனுப்பின மெயில்ல மொத்தம் நாலு வரி, அதுவும் இங்கிலீஷ்ல. காப்பி எடுத்ததும் முழுசா ஓட்டிப் பாத்திருக்கணும், டேப்பைத் திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது, இதுல மெஷின் மேல தப்பு இல்லை, இது யூசர் எர்ரர், இனிமேலாவது ஜாக்கிரதையா இரு. இதுதான் நீ எழுதினது. உங்கப்பாகிட்ட அதைத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன். அவர் அதுக்கும் தலையை ஆட்டினார், அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்லன்னார். அன்னைக்கு ராத்திரி அவருக்கு நான் சாப்பாடு போடலை, அவரே போட்டுக்கிட்டார். யூசராம், எர்ரராம். ஜம்புநாதன் பெரியப்பா போய்ச் சேந்து ஒரு மாசம் ஆச்சு, அவர் பேரு அந்த நாலு வரியில எங்கயும் இல்லை. உன்னைத் தோள்ல உக்கார வச்சு ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் பந்தல் பந்தலா சுத்திக் காட்டின மனுஷன். உனக்கு ஹோவ்ரா பிரிட்ஜ் மேல நடந்து போகணும்னு ஆசை, உங்கப்பாவுக்கு லீவு இல்லை, அவர்தான் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுல டூட்டி முடிச்சு அழுக்குச் சட்டையோட வந்து கூட்டிக்கிட்டுப் போனார். அவர் செத்த அன்னைக்கு நீ நாலு நிமிஷம் போன் பேசினே, அதையும் நான் கவனிச்சேன்.

நடந்தது உனக்கு அரைகுறையாத்தான் தெரியும், தெரிஞ்சுக்கணும்னு நீ கேக்கவும் இல்லை, அதனால ஆரம்பத்துல இருந்து சொல்றேன். பேங்க்ல விஆர்எஸ் வாங்கினதும் எல்லாரும் கோயில் கோயிலாப் போனாங்க, நான் இங்க கல்கத்தா சால்ட் லேக்ல மல்டிமீடியா கிளாஸுக்குப் போனேன். காலேஜ் பசங்க நடுவுல நான் ஒருத்தி புடவை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், ஆறு மாசத்துல அவங்களை விட நல்லா எடிட்டிங் பண்ணினேன். அப்புறம் கரியாஹாட்ல ஒரு ஸ்டூடியோவில ரெண்டு வருஷம் கல்யாண கேசட் எல்லாம் வெட்டி ஒட்டினது நான்தான். உனக்கு அது என்னைக்கும் பொழுதுபோக்கு. பூர்ணிமாகிட்ட கூட அம்மா கல்யாண வீடியோ வச்சு விளையாடறாங்கன்னு சொல்லியிருக்கே, அவ வெகுளி, அதை அப்படியே என்கிட்ட போன்ல சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். போன வருஷம் ஸ்டூடியோக்காரர் கடையை மூடிட்டு மகன் ஊருக்குப் போயிட்டார். கேமராமேன் உத்தமன் இருக்கான்ல, தைரியமாச் சொன்னான், அக்கா நீங்க சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் போடுங்க, நான் படம் பிடிச்சுத் தரேன், நீங்க எடிட் பண்ணுங்க, நம்மளே நடத்தலாம்னு. கல்கத்தாவில இருக்கிற தமிழ்க் கல்யாணம் பாதி அவன்தான் பிடிக்கிறான். எனக்கும் ஆசை வந்துச்சு.

கம்ப்யூட்டர் விசாரிக்க இங்க இருக்கிற சாந்தினி சௌக்குக்கு நாலு தடவை போனேன். பஸ்ல தொங்கிக்கிட்டுப் போய், அந்தச் சந்துல பத்து கடை ஏறி இறங்கி, கடைசியா மாடியில ஒரு சின்னக் கடை. கடைக்காரர் வங்காளி, அம்பது வயசு இருக்கும், சித்திங்கற மாதிரி என்னை மாஷிமான்னு கூப்பிட்டு ஸ்டூல் போட்டு உக்கார வச்சார். விலை சொல்றதுக்கு முன்னாடி என்ன வேலைக்குன்னு கேட்டார். எந்த டேப்ல எடுக்கிறீங்க, ஒரு கல்யாணத்துக்கு எத்தனை மணி நேரம் வரும், முடிச்சதும் சிடியில குடுக்கணுமா டிவிடியா, ஒரே நேரத்துல எத்தனை கல்யாணம் கையில இருக்கும். டீ வரவழைச்சுக் குடுத்துட்டு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்கிட்டார். அப்புறம்தான் சொன்னார், மாஷிமா, வீடியோன்னா ப்ராசஸர் ப்ராசஸர்னு எல்லாரும் அடிச்சுக்குவாங்க, முதல்ல பாக்க வேண்டியது டிஸ்க், ஒரு மணி நேர டேப் பதிமூணு ஜிபியைத் தின்னும், அதனால ரெண்டு டிஸ்க் வேணும், விண்டோஸுக்கு ஒண்ணு தனியா, படத்துக்கே வேகமா சுத்தறது பெரிசா ஒண்ணு தனியா. மெமரி ஐநூத்திப் பன்னிரண்டு எம்பிக்குக் குறைஞ்சா மென்னியைப் பிடிக்கும். கேமராவில இருந்து நேரா எடுக்க ஃபயர்வயர் கார்டு. பதினேழு இஞ்சு மானிட்டர், சின்னதுல பாத்தா ரெண்டு வருஷத்துல கண்ணு போயிடும். கரண்ட் போனா வேலை போகாம இருக்க யுபிஎஸ். அப்புறம் டிஸ்க்கை நான்தான் பார்மேட் பண்ணுவேன், வேற யாரையும் தொட விடாதீங்கன்னார். ஏன்னு நான் கேக்கலை, கேட்டிருக்கணும். அதை எல்லாம் என் கையால லிஸ்ட் எழுதிக்கிட்டு வந்தேன், பேங்க்ல இருபத்தாறு வருஷம் அடுத்தவங்க கணக்கை எழுதின எனக்கு இது ஒண்ணாவது எனக்குன்னு எழுதினதுன்னு சந்தோஷமா இருந்துச்சு.

அந்த லிஸ்டை உனக்கு மெயில்ல அனுப்பினேன். அதுதான் நான் பண்ணின முதல் தப்பு. கேக்கணும்னு கூட இல்லை, பிள்ளை அந்தத் துறையில இருக்கான், காட்டிடலாம்னு ஒரு பெருமை. நீ ஞாயித்துக்கிழமை போன் பண்ணி விழுந்து விழுந்து சிரிச்சே. அம்மா, சாந்தினிக்காரன் உன் தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான், என்ன நாசாவுக்கா வேலை பண்ணப் போறே, கல்யாண கேசட்டை வெட்டி ஒட்ட இவ்வளவு எதுக்கு, என் ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு சும்மா கெடக்கு, அதுல எல்லாமே ஆகும், சால்ட் லேக் போற பிரெண்டுகிட்ட குடுத்து விடறேன்னே. நான் டேப் பத்திச் சொல்ல வந்தேன், அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மான்னே. மணிக்குப் பதிமூணு ஜிபின்னு சொன்னேன், அதெல்லாம் சும்மா பயமுறுத்தறதுன்னே. நீ என்ன வேலை பண்றே பிரேம்? ஏதோ கம்பெனி சர்வரை விழாமப் பாத்துக்கறே. ஒரு நிமிஷம் வீடியோ நீ வெட்டியிருக்கியா வாழ்க்கையில? பல்லு வலிக்குதுன்னு எலும்பு டாக்டர்கிட்ட போனா அவராவது இது என் வேலை இல்லைன்னு சொல்லுவார். நீ சொல்லலை. உனக்குத் தெரியாதுன்னு ஒரு விஷயம் இருக்குங்கறதே உனக்குத் தெரியலை.

உங்கப்பா இருக்காரே, அவர் அன்னைக்கே தீர்ப்பு சொல்லிட்டார். அவன் அமெரிக்காவில இருந்து சொல்றான், அவனுக்குத் தெரியாததா அந்தச் சந்துக் கடைக்காரனுக்குத் தெரியும்னார். இந்த வீட்டுல எப்பவும் இதுதான். ஃபிரிட்ஜ் எது வாங்கணும்னு உன்னைக் கேக்கணும், நான் கண்ணாடி மாத்தணும்னா உன்னைக் கேக்கணும், கொசுவலை நீலமா பச்சையான்னு கேக்காத குறைதான். நீ அங்க இருந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், இங்க இருக்கிறவங்க கண்ணால பாத்தது, கையால பண்ணினது எல்லாம் செல்லாக் காசு. நான் உங்கப்பாவை மட்டும் சொல்லலை. நானும் அந்த லிஸ்டைக் கிழிச்சுக் குப்பையில போட்டேன். என் கையால கிழிச்சேன்.

லேப்டாப் ஜனவரியில வந்துச்சு. பிப்ரவரி ஒண்ணாந்தேதி உன் பெரியப்பா பொண்ணு மாதங்கி கல்யாணம். அதுதான் அந்த மெஷின்ல நான் தொட்ட முதல் வேலை. ஜம்பு மாமாவுக்கு ரெண்டு கிட்னியும் போயி வாரம் மூணு நாள் ரத்தம் மாத்திக்கிட்டிருந்தார், அவருக்காகத்தான் கல்யாணத்தை அவ்வளவு அவசரமா வச்சாங்க, உனக்கு அது தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் பெரியம்மா, கிருஷ்ணம்மா அக்கா, என்னைத் தனியாக் கூப்பிட்டு, நீலா, பொண்ணு மாப்பிள்ளையை எல்லாரும் எடுப்பாங்க, நீ அவரை எடு, நிறைய எடுன்னாங்க. நான் உத்தமன்கிட்ட சொல்லிட்டேன், கேமரா அவரை விட்டு நகரக் கூடாதுன்னு. அவர் குரல் அந்த நேரத்துல ரொம்ப மெலிஞ்சு போயிருந்துச்சு, பக்கத்துல உக்காந்தாத்தான் கேக்கும், அதனால அவர் அங்கவஸ்திரத்துல ஒரு சின்ன காலர் மைக் குத்தச் சொன்னேன். அது என் யோசனைதான்.

தாரை வார்த்துக் குடுக்கற நேரம். அக்கா சொம்புல தண்ணி ஊத்தறாங்க, மாமா பொண்ணு கையைப் பிடிச்சு மாப்பிள்ளை கையில வைக்கறார். வச்சுட்டு கையை எடுக்கலை. அப்படியே குனிஞ்சு மாதங்கி காதுக்கிட்ட ஏதோ சொன்னார். சின்னதா இல்லை, நாலஞ்சு வாக்கியம் இருக்கும். அஞ்சடி தள்ளி நின்னு அவர் உதடு அசையறதை நான் பாத்தேன். மேளக்காரங்க கெட்டி மேளத்துல இருந்தாங்க, யாருக்கும் ஒரு எழுத்து கேக்கலை. உத்தமன் மேளம் அடிக்கும்போது ஹெட்போனைக் கழுத்துல போட்டுக்குவான், காது கிழிஞ்சுடும்னு. மாதங்கி அழுத அழுகையில அவளுக்கும் ஒண்ணும் புரியலை, என்னப்பா என்னப்பான்னா, அவர் சிரிச்சுக்கிட்டே மைக்கைத் தொட்டுக் காட்டி, இதுல இருக்கு, அப்புறம் கேட்டுக்கோன்னு சைகை பண்ணினார். அதை மட்டும் நான் நல்லாப் பாத்தேன்.

மறுநாள் டேப்பை எல்லாம் உன் லேப்டாப்ல ஏத்தினேன். மூணு டேப், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். கேமராவை ஓட விட்டு, பட்டனை அழுத்திட்டு, நான் சமையலைப் பாத்தேன், கேமராவும் ஒரு மணி நேரம் ஓடித் தானா நின்னுச்சு. ஒவ்வொண்ணா முடிஞ்சதும் முதல் ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாத்தேன், படமும் சத்தமும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மூணு டேப்பும் ஏத்தினதுக்கு அப்புறமும் டிஸ்க்ல ஏகப்பட்ட இடம் மிச்சம் இருந்துச்சு. கேட்டுக்கோ பிரேம், இதுதான் என்னால ஜீரணிக்க முடியாத இடம். மூணு மணி நேரம்னா முப்பத்தொம்பது ஜிபி. அந்த முப்பது ஜிபி டிஸ்க்ல அது நுழையவே நுழையாது. கூட்டல் கணக்கு, பேங்க்ல இருந்தவளுக்கு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அடடா, பிரேம் சொன்னதுதான் சரி, அந்தக் கடைக்காரர் பெரிய டிஸ்க் விக்கறதுக்காகக் கதை விட்டிருக்கார்னு தோணுச்சு. உங்கப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பாத்தியா என் பிள்ளையைன்னார். உனக்குத் தேங்க்ஸ்னு மெயில் கூடப் போட்டேன், தேடிப் பாரு, இருக்கும். புதன்கிழமை உத்தமன் வந்து டேப்பை எடுத்துக்கிட்டுப் போனான், சால்ட் லேக்ல ஒரு வங்காளிக் கல்யாணம். எங்க தொழில்ல கம்ப்யூட்டர்ல ஏறினதும் டேப் கேமராக்காரனுக்குத் திரும்பிடும், ரெண்டு வருஷமா அப்படித்தான் பண்ணிக்கிட்டிருந்தோம், ஒரு தடவை கூடத் தப்பு வந்ததில்லை. அவன் மேல ஒரு தப்பும் இல்லை. அந்த டேப் மேலேயே அன்னைக்கு ராத்திரி வேற யாரோ மாலை மாத்திக்கிட்டாங்க.

மாதங்கி எந்தெந்தப் பாட்டு போடணும்னு எழுதி அனுப்பறேன்னா, அது வரட்டும்னு நான் திறக்காம இருந்தேன். இருபதாந்தேதி மாமா போயிட்டார். பத்து முடிஞ்சதும் அக்கா கேட்டாங்க, நீலா, அந்த கேசட் ஆச்சான்னு. அன்னைக்குத்தான் உக்காந்து திறந்தேன். மூணு டேப்புமே பத்தொன்பதாவது நிமிஷத்துல நிக்குது. மூணு மணி நேரக் கல்யாணம் ஒரு மணி நேரம் கூட இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன், உத்தமனை வரச் சொன்னேன், அவன் பாத்துட்டு வெளியில போய் நின்னுக்கிட்டான். லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு சாந்தினிக்குப் போனேன். லிஸ்டைக் கிழிச்சுப் போட்டவ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறதுன்னு படியில ரெண்டு நிமிஷம் நின்னேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. பாத்துட்டுச் சொன்னார், டிஸ்க்கைப் பழைய முறையில பார்மேட் பண்ணியிருக்காங்க மாஷிமா, அதுல ஒரு பைல் நாலு ஜிபிக்கு மேல வளராது, வீடியோன்னா அது பத்தொன்பது நிமிஷம், அங்க சத்தமில்லாம நின்னுடும், மத்த வேலைக்கு இது தெரியவே தெரியாதுன்னு. பழைய விண்டோஸும் ஓடணும்னு நீயே அப்படிப் பண்ணினதா இந்த நாலு வரிக்கு முந்தின மெயில்ல ஒத்துக்கிட்டே, அதையும் ஏதோ சாமர்த்தியம் மாதிரிதான் எழுதியிருந்தே.

நான் பாக்காம விட்டது தப்புதான். முழுசா ஓட்டிப் பாத்திருக்கணும், அதை நீ சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை, சாகற வரைக்கும் அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கும். அதை விட மோசமா ஒண்ணு இருக்கு. கல்யாணத்துக்கும் அவர் போனதுக்கும் நடுவுல முழுசா பத்தொன்பது நாள் அவர் உயிரோட இருந்தார். அதுல ஒரு நாள் நான் திறந்து பாத்திருந்தா சாந்த்ராகாச்சிக்கு ஓடிப் போய், மாமா, பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்கன்னு அவர் வாயாலேயே கேட்டிருப்பேன். இடம் மிச்சம் இருக்குன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் பங்கு என்னன்னு எனக்குத் தெரியும்டா. உன் பங்கு என்னன்னுதான் உனக்குத் தெரியலை. உன்னை நான் மெஷின் குடுன்னு கேக்கலை. நீயா வந்து, என்ன வேலைன்னு கேக்காம, நான் சொல்ல வந்ததைக் கேக்காம, என் லிஸ்டைப் பாத்துச் சிரிச்சு, இது போதும்னு சொன்னே. போதும்னு சொல்ல நீ யாரு?

போன வியாழக்கிழமை கிருஷ்ணம்மா அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். உங்கப்பா வேண்டாம்னார், ஏதாவது டேப் கெட்டுப் போச்சுன்னு சொல்லிச் சமாளிக்கலாம்னார். அவரை வீட்டுல விட்டுட்டு நான் தனியா ரயில் ஏறிப் போனேன். இருந்ததை ஒரு சிடியில போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். அக்கா முழுசாக் கேட்டுக்கிட்டாங்க, திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இருக்கிறதைப் போடுன்னாங்க. ரெண்டாவது டேப்ல மாமாவை நாற்காலியோட தூக்கிக்கிட்டு வந்து மணையில இறக்கறாங்க, உத்தமன் மைக் குத்தறான், மாமா அதைக் குனிஞ்சு பாத்து என் பக்கம் திரும்பி, ஏம்மா நீலா, இது எல்லாத்தையும் பிடிச்சுடுமான்னு கேக்கறார். பிடிச்சுடும் மாமா, நீங்க பாட்டுக்குப் பேசுங்கன்னு என் குரல் கேக்குது. அப்புறம் மந்திரம், பூ, புகை. அக்கா சொம்பைக் கையில எடுக்கறாங்க, மாமா மாதங்கி கையைப் பிடிக்கறார், அங்க நிக்குது. அக்கா இன்னொரு தடவை போடுன்னாங்க. போட்டேன். இன்னொரு தடவை. எத்தனை தடவைன்னு எனக்குத் தெரியாது, ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது டிவிக்கிட்டக் கொஞ்சம் முன்னாடி நகந்து உக்காருவாங்க, இந்தத் தடவை நிக்காதுங்கற மாதிரி. கடைசியா நான்தான் டிவியை அணைச்சேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீலா, பரவாயில்லைன்னு சொல்லணும்னுதான் பாக்கறேன், வாய் வரலைன்னாங்க. நான் திரும்பி வரும்போது ஹோவ்ராவில இறங்கி எந்த பஸ் ஏறினேன்னே ஞாபகம் இல்லை.

இப்ப விஷயத்துக்கு வரேன். உன் லேப்டாப் அதோட பையில கட்டி அலமாரி மேல இருக்கு, அடுத்து யார் அங்க வராங்களோ அவங்க கையில அனுப்பி வைப்பேன், அதை நான் இனிமே தொட மாட்டேன். எனக்குன்னு மெஷின் அந்த மாடிக் கடையில தயாராகுது, ரெண்டு டிஸ்க்கோட, அவர் சொன்னபடியே, அதுல உன் யோசனை ஒண்ணும் தேவையில்லை. எந்த ப்ராசஸர்னு கேட்டு மெயில் போடாதே. இந்தத் தொழிலை நான் விடப் போறதில்லை, உத்தமனும் விடலை, அந்த அளவுக்கு எங்களுக்கு ரோஷம் இருக்கு. இனிமே உங்கப்பா உன்கிட்ட எது கேட்டாலும், அம்மாவைக் கேளுங்கன்னு சொல்லக் கத்துக்கோ. உன்னால முடிஞ்சா எதிர்ல இருக்கிறவங்களை, எதுக்கு வேணும்னு ஒரு கேள்வி கேக்கவும் கத்துக்கோ, உன் ஆபீஸ்லயும் அது உதவும்.

அக்காகிட்ட நான் சொல்லிட்டேன். மாதங்கிகிட்ட யாரும் இன்னும் சொல்லலை. புனேவில இருந்து ரெண்டு நாளைக்கு ஒரு தடவை எனக்குப் போன் பண்றா. சித்தி, அவசரம் இல்லை, மெதுவாப் பண்ணுங்க, அந்த மைக்ல இருக்கிறதை மட்டும் முதல்ல தனியா எடுத்து அனுப்ப முடியுமான்னு கேக்கறா. நான் இன்னும் எடிட்டிங் நடக்குதும்மான்னு பொய் சொல்லிக்கிட்டிருக்கேன், மூணு தடவை சொல்லிட்டேன், நாலாவது தடவை சொல்ல என்னால முடியாது. அவகிட்ட நீ சொல்றே. அக்காகிட்டயும் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. அண்ணா அண்ணான்னு உன் பின்னாடியே ஓடி வளந்த பொண்ணு, உன் குரல்னா உடனே போன் எடுப்பா. நம்பர் இந்தக் காகிதத்துக்குப் பின்பக்கம் எழுதியிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல, நம்ம ஊர் நேரம் பத்து மணிக்கு மேல கூப்பிடு, அப்ப அவ வீட்டுல தனியா இருப்பா. அவகிட்ட பார்மேட், பைல், ஜிபின்னு பேசாதே, நீ பேசினதா என் காதுக்கு வந்துச்சுன்னா நான் உன்கிட்ட பேசறது அதோட கடைசி. அம்மா பாக்காம விட்டுட்டாங்கன்னு சொல்லணும்னா தாராளமாச் சொல்லு, அது உண்மைதான், ஆனா அதுக்கு முன்னாடி உன்னோடதைச் சொல்லு. அது வரைக்கும் இந்த வீட்டு நம்பருக்குப் போன் பண்ண வேண்டாம், உங்கப்பா எடுத்தாலும் நான் வாங்கி வச்சுடுவேன்.

பூர்ணிமாவுக்கு என் ஆசீர்வாதம், அவ மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை, வயித்துல இருக்கிறதுக்கு நேரா நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. உனக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, பெத்துட்டேன், அதை எந்தக் கோபத்துலயும் என்னால திருப்பி வாங்க முடியாது, நல்லா இரு. ஞாயித்துக்கிழமை மறந்துடாதே. அவ உன்னைத் திட்ட மாட்டா, அழவும் மாட்டான்னு நினைக்கிறேன். ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா, அப்பா என்ன சொன்னார்னு. அதுக்கு நீ என்ன பதில் சொல்லப் போறேன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கோ.

இப்படிக்கு,
உன் அம்மா
நீலாவதி பன்னீர்செல்வம்